மரபைக் காக்கும் மன்றங்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓர் ஊரின் பழைமை அவ்வூர் மக்களின் பொதுச்செல்வம். அதே ஊரில் வீடு கட்டவும் சாலை அமைக்கவும் குடிநீர்க் குழாய் பதிக்கவும் தேவைகள் எழுந்துகொண்டே இருக்கும். பழைமையும் தேவையும் எதிரெதிர் நிற்கும்போது முடிவெடுக்க வேண்டியவர் யார்? எந்த அளவுகோலைக் கொண்டு முடிவெடுக்க வேண்டும்? கங்கைகொண்ட சோழபுரத்தின் வரலாற்றை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

மண்ணுக்குள் ஒரு தலைநகரம்

அரியலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், கொள்ளிடத்திற்கு வடக்கே அமைந்த ஊர் மீன்சுருட்டி. அதன் அண்மையில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானம் வானளாவ நிற்கிறது. கங்கை வரை படை செலுத்தி வென்ற முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய நகரம் இது. தஞ்சையிலிருந்து தலைநகரை இங்கு மாற்றினான் அவ்வேந்தன். அதன்பின் ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இவ்வூர் விளங்கியது.

கோயில் 1035 இல் கட்டி முடிக்கப்பட்டது என்றும், விமானத்தின் உயரம் 53 மீட்டர் என்றும் யுனெஸ்கோவின் குறிப்பு கூறுகிறது. தஞ்சை விமானம் நேர்கோடாக எழுவது. இங்குள்ள விமானமோ மேலே செல்லச்செல்ல மென்மையாக உள்வளைந்து எழுவது. இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் பேரேரி இன்று பொன்னேரி என வழங்குகிறது. அவ்வேரியைக் கங்கை நீரால் ஆன வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது.

கோயில் நிலைத்து நிற்க, நகரம் மண்ணுக்குள் மறைந்தது. ஆயினும் ஊர்ப்பெயர்கள் அதை மறக்கவில்லை. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், சுண்ணாம்புக்குழி எனச் சுற்றியுள்ள பெயர்கள் யாவும் அந்நகரின் வரைபடம்போல் விளங்குகின்றன. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் 1980 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை பலமுறை அகழாய்வு நடத்தியது. செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் அவற்றைப் பிணைத்த இரும்பு ஆணிகளும் சீனநாட்டுப் பானையோடுகளும் அங்கு வெளிப்பட்டன.

ஆகவே, இவ்வட்டாரத்தில் கல்லும் மண்ணும் வெறும் கட்டுமானப் பொருள்கள் அல்ல, வரலாற்றுச் சான்றுகள். வீட்டுக்கு அடித்தளம் தோண்டும் கடப்பாரை ஆயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த செங்கல்லின்மேல் படக்கூடிய இடம் இது. முற்காலத்தில் இங்குப் புதைந்து கிடந்த செங்கற்களைத் தோண்டி வீடு கட்டியவர்கள் உண்டு. அவை அரண்மனைச் செங்கற்கள் என்பதை எடுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை.

இடிக்கப்பட்ட மதில்

இக்கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் உயர்ந்த கருங்கல் மதில் இருந்தது. இன்று அதன் பெரும்பகுதி இல்லை. கிழக்குக் கோபுரமும் இடிந்த நிலையிலேயே காணப்படுகிறது. காலத்தின் அழிவு இதற்கு ஒரு காரணம். மனிதர் எடுத்த ஒரு முடிவு மற்றொரு காரணம்.

1836 ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளரின் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகள் கட்டப்பட்டன. முக்கொம்பில் அமைந்தது மேலணை. மீன்சுருட்டி வட்டாரத்திற்குத் தெற்கே அணைக்கரையில் அமைந்தது கீழணை. காவிரிப் படுகை வண்டல் நிலம். அருகில் கல்மலை இல்லை. சோழர்களே தம் கோயிலுக்கான கருங்கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவந்தனர். கீழணைக்குக் கல் தேவைப்பட்டபோது, செதுக்கி அடுக்கிய கற்கள் அண்மையில் ஆயத்தமாக இருப்பதைக் கண்டனர் அன்றைய ஆட்சியாளர். கோயில் மதில் பெயர்க்கப்பட்டது. சிற்ப வேலைப்பாடமைந்த கற்களும் அணைக்குச் சென்றன.

இந்நிகழ்வை 1855 இல் வெளிவந்த ஓர் ஆங்கிலக் குறிப்பு பதிவு செய்துள்ளது. தம் வழிபாட்டுக்குரிய கோயில் சிதைக்கப்படுவதை ஏழை மக்கள் இயன்றவரை தடுக்க முயன்றனர். அதற்காக அவர்கள் தண்டிக்கப்பட்டனர். கல்மதிலுக்கு மாற்றாகச் செங்கல் மதில் கட்டித்தரப்படும் என்று அளிக்கப்பட்ட உறுதிமொழி இறுதிவரை நிறைவேற்றப்படவில்லை. இவை அக்குறிப்பு தரும் செய்திகள்.

இங்கு ஒன்றை நடுநிலையோடு நோக்க வேண்டும். கீழணை வீணான கட்டுமானம் அன்று. அதன் நீரால் வயல்கள் விளைந்தன. வடவாற்றின் வழியாக வீராணம் ஏரி இன்றும் அங்கிருந்து நீர் பெறுகிறது. வயல்களின் தாகம் உண்மையானது. மக்களின் பற்றும் உண்மையானது. இரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்து எடைபோடத்தக்க ஓர் அவை அன்று இல்லை என்பதே குறை.

அம்முடிவில் மூன்று பிழைகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, மதிலை இடிக்கும் முன் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. இரண்டாவது, மறுப்புத் தெரிவித்தல் குற்றமாகக் கருதப்பட்டது. மூன்றாவது, அளிக்கப்பட்ட உறுதிமொழியைக் கண்காணித்து நிறைவேற்ற எந்த அமைப்பும் இருக்கவில்லை. இம்மூன்றையும் நேர்செய்யும் முயற்சியே இன்றைய மரபுப் பாதுகாப்பு மன்றங்கள் எனலாம். மாற்றத்திற்கு முன் விண்ணப்பம், மறுப்புக்கும் விளக்கத்திற்கும் வாய்ப்பு, எழுத்து வடிவிலான முடிவு ஆகிய மூன்றும் அவற்றின் அடிப்படைகள்.

தெரிந்து தெளிவோம்

காவிரிக் கரையிலுள்ள திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவியார் கற்றளியாகப் புதுப்பித்தபோது, பழைய கட்டடத்தில் இருந்த கல்வெட்டுகள் அழியாதவாறு புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் உடன் சேர்க்கப்பட்டது. கட்டடத்தை மாற்றியோர் அதன் சான்றைக் காத்தனர். மாற்றம் நிகழலாம், சான்று மறையக் கூடாது என்னும் நெறியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகம் கடைப்பிடித்ததற்கு இஃது எடுத்துக்காட்டு.

சட்டம் வளர்ந்த வழி

பழஞ்சின்னங்களைக் காக்க 1904 இல் இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1958 ஆம் ஆண்டு தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம் இயற்றப்பட்டது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களை இச்சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறை பேணுகிறது. மாநில அளவிலான சின்னங்களுக்காகத் தமிழ்நாடு 1966 இல் தனிச்சட்டம் இயற்றியது.

தொடக்கத்தில் சின்னத்தைக் காப்பதிலேயே கவனம் இருந்தது. சின்னத்தைச் சுற்றியுள்ள இடமும் காக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் பின்னரே வலுப்பெற்றது. கோயில் சிதையாமல் இருந்தும், அதன் சுவரை ஒட்டி அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தால் விமானத்தின் தோற்றம் மறைந்துவிடும். ஆழ்துளைக் கிணறுகளும் கழிவுநீர்க் கால்வாய்களும் அடித்தளத்தின் ஈரநிலையை மாற்றிவிடக் கூடும். எனவே 1992 ஆம் ஆண்டு ஜூன் 16 இல் வெளியான அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குமுறைப் பகுதி என்றும் வரையறுத்தது.

2010 இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இவ்வரையறைக்கு வலுவூட்டியது. தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையம் என்னும் அமைப்பும் அப்போது உருவாயிற்று. தொல்லியல், நகரமைப்பு, கட்டடக்கலை, மரபுப் பாதுகாப்பு, சட்டம் முதலிய துறைகளில் தேர்ந்தவர்கள் அதில் இடம்பெறுகின்றனர். ஒருவர் தம் விருப்பப்படி ஆணையிடுவதற்கு மாற்றாகப் பலதுறை அறிஞர் கூடி ஆராய்வதற்கு இத்திருத்தம் வழிவகுத்தது.

தடைசெய்யப்பட்ட பகுதியில் பொதுநலத் திட்டம் என்னும் காரணத்தைக் காட்டியும் புதிய கட்டுமானத்திற்கு இசைவு பெற இயலாது என்று 2010 இன் திருத்தம் கூறுகிறது. 1836 இல் மதிலை வீழ்த்தியது அணை என்னும் பொதுநலத் திட்டமே என்பதை நினைத்தால் இவ்விதியின் பொருள் புலப்படும். இத்தடையைத் தளர்த்தும் முன்வரைவு 2018 இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையோ அதைத் தெரிவுக்குழுவின் ஆய்வுக்கு அனுப்பியது. பொதுநலம் எது என்னும் விவாதம் இன்றும் முடிந்துவிடவில்லை.

மூன்று வீடுகள்

சட்டம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியப் பாதுகாக்கப்பட்ட கோயில் ஒன்றின் அருகே மூன்று வீடுகள் இருப்பதாகக் கொள்வோம்.

முதல் வீடு கோயில் எல்லையிலிருந்து 80 மீட்டர் தொலைவில் உள்ள ஓட்டு வீடு. 1992 க்கு முன்பே கட்டப்பட்டது. மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. சுவரில் விரிசல் விட்டுள்ளது. இவ்வீடு தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் வருவதால் இங்குப் புதிதாக எதுவும் கட்ட இயலாது. எனினும் பழுதுபார்க்கவும் சீரமைக்கவும் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். வீட்டை இடித்துவிட்டுப் பெரிதாக்கிக் கட்டுவது பழுதுபார்த்தல் ஆகாது.

இரண்டாம் வீடு 180 மீட்டர் தொலைவில் உள்ளது. மகனுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டதால் மாடியில் ஓர் அறை எழுப்ப விரும்புகின்றனர். இஃது ஒழுங்குமுறைப் பகுதி. இங்குக் கட்டலாம், ஆனால் இசைவு பெற்ற பிறகே கட்ட வேண்டும்.

மூன்றாம் வீடு 350 மீட்டர் தொலைவில் உள்ளது. இவ்விரு பகுதிகளுக்கும் அப்பாற்பட்டதால் உள்ளாட்சியின் வழக்கமான கட்டட இசைவு போதும்.

முதல் இரு வீட்டாரும் தகுதிவாய்ந்த அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இயக்குநர் அல்லது ஆணையர் நிலைக்குக் குறையாத அலுவலர் அப்பொறுப்பில் இருப்பார். ஒழுங்குமுறைப் பகுதிக்கான விண்ணப்பத்தை அவர் 15 நாள்களுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்திற்கு அனுப்ப வேண்டும். கட்டுமானத்தால் சின்னத்திற்கு நேரும் விளைவை ஆராய்ந்து ஆணையம் இரண்டு மாதங்களுக்குள் தன் பரிந்துரையைத் தெரிவிக்க வேண்டும். அது கிடைத்த ஒரு மாதத்திற்குள் அலுவலர் முடிவெடுக்க வேண்டும். இசைவு மறுக்கப்படுமானால் விண்ணப்பித்தவருக்குத் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளித்து, எழுத்து வடிவில் ஆணை வழங்க வேண்டும்.

இசைவின்றிக் கட்டுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். விதிமீறலுக்குத் துணைபோகும் அரசு அலுவலருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. காக்க வேண்டியவர் தவறினால் தண்டனை கூடுதல் என்பது கருதத்தக்கது.

குடிநீர் வழங்கல், மின்வழங்கல், கழிவுநீர் வடிகால், பொதுக்கழிப்பறை ஆகியவற்றுக்கான பணிகளைச் சட்டம் கட்டுமானம் என்னும் வரையறையில் சேர்க்கவில்லை. மரபின் பெயரால் மக்களின் அடிப்படை வசதிகள் முடங்கிவிடக் கூடாது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

மன்றம் எடைபோடுவன

ஒரு விண்ணப்பம் ஆய்வுக்கு வரும்போது எவற்றை நோக்குவர்? முதலில் நோக்கப்படுவது உயரம். எந்தத் திசையிலிருந்து வருவோர்க்கு விமானம் தென்படுகிறதோ அந்தப் பார்வைக் கோடு மறைபடாமல் இருக்க வேண்டும். அடுத்து முகப்பின் தோற்றமும் நிறமும். பின்னர் அடித்தளத்தின் ஆழம்; தோண்டும்போது தொல்லெச்சம் சிதையுமா என்பது கங்கைகொண்ட சோழபுரம் போன்ற இடங்களில் முதன்மையான கேள்வி. மழைநீர் எவ்வழியாக வடியும், கனரக வாகனங்களால் அதிர்வு உண்டாகுமா என்பனவும் ஆராயப்படும்.

இவற்றைச் சின்னந்தோறும் தனித்தனியாக வகுத்துக்கூறுபவை மரபுசார் துணைவிதிகள். கட்டடத்தின் உயரம், முகப்பு, வடிகால், சாலை, மின்கம்பம், குடிநீர்க் குழாய் எனப் பலவற்றுக்கும் அவை வரம்பு கூறுகின்றன. துணைவிதிகளின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, கருத்துகளும் மறுப்புகளும் பெறப்படுகின்றன. ஆணையம் ஏற்ற துணைவிதிகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன.

சின்னத்தின் உள்ளே செய்யப்படும் மாற்றமும் ஆய்வுக்கு உரியது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் வழிபாடு நிகழும் கோயில். ஐப்பசி முழுநிலவு நாளில் நடைபெறும் அன்னாபிடேகத்திற்குப் பெருந்திரளான மக்கள் கூடுகின்றனர். பந்தல் அமைத்தல், விளக்குப் பொருத்துதல், வரிசைத் தடுப்பு இடுதல் எனச் சிறியனபோல் தோன்றும் செயல்களிலும் கவனம் தேவை. பழஞ்சுவரில் ஆணி அறைந்தால் அந்தத் துளை நிலையாகத் தங்கிவிடும். தனியே நிறுத்திய தூணில் விளக்கைக் கட்டினால் விழா முடிந்ததும் எடுத்துவிடலாம். பின்னர் நீக்கக்கூடிய மாற்றமே நல்ல மாற்றம் என்பது மரபுப் பாதுகாப்பின் முதன்மை விதிகளுள் ஒன்று.

பொருள்தேர்வும் அத்தகையதே. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவருக்குள் ஈரம் புகுந்தால் அது மெல்ல வெளியேறிவிடும். அச்சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்கும். கல்லைத் தூய்மை செய்வதாக எண்ணி உயரழுத்தத்தில் மணலைப் பீய்ச்சினால் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்து மறையும். இவை யாவும் நல்லெண்ணத்தால் நேர்ந்த கேடுகள். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதாலேயே வல்லுநர் கருத்து வேண்டப்படுகிறது. இந்து சமய அறநிலையத் துறையின்கீழ் உள்ள பழங்கோயில்களில் திருப்பணி தொடங்கும் முன் வல்லுநர் குழுக்கள் அதனை ஆராய்வது இதன்பொருட்டே.

தெரிந்து தெளிவோம்

பலர் கூடி ஆராய்ந்து பொதுச்சொத்தைப் பேணும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் கூறுகின்றன. ஏரியைப் பேண ஏரி வாரியமும் தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியமும் இருந்தன. உறுப்பினரின் தகுதிகளையும் தகுதியின்மைகளையும் அக்கல்வெட்டுகள் விரிவாக வகுத்துரைக்கின்றன.

நகரங்களும் நாடுகளும்

ஓர் ஊர் தன் பழைய கட்டடங்களின் மாற்றத்தை ஒரு குழுவின் ஆய்வுக்கு உட்படுத்தும் முறை, அமெரிக்காவின் சார்ல்சுடன் நகரில் 1931 இல் சட்டமாயிற்று. நியூயார்க் நகரில் பென்சில்வேனியா இரயில் நிலையம் 1963 இல் இடிக்கத் தொடங்கப்பட்டபோது மக்கள் வருந்தினர். அவ்வருத்தத்தின் விளைவாக 1965 இல் அந்நகருக்கென ஒரு மரபுச்சின்ன ஆணையம் அமைந்தது. பின்னர் கிராண்டு சென்ட்ரல் நிலையத்தின்மேல் உயர்ந்த கோபுரக் கட்டடம் எழுப்ப உரிமையாளர் விண்ணப்பித்தார், ஆணையம் மறுத்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆணையத்தின் முடிவு செல்லும் என 1978 இல் தீர்ப்பாயிற்று.

இந்தியாவில் மும்பை நகரம் 1995 இல் மரபுக் கட்டடங்களுக்கான விதிகளை வகுத்துக் குழுவும் அமைத்தது. சென்னை அண்ணா சாலையில் 1897 இல் எழுந்த பாரத் இன்சூரன்சு கட்டடத்தை இடிக்கும் முயற்சி 2006 இல் தொடங்கியபோது, மரபுப் பாதுகாப்பில் ஈடுபட்ட ஓர் அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. 2010 இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததோடு, மரபுக் கட்டடங்களை ஆராயும் குழுவுக்கும் வழிகோலியது. 2012 இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது.

உலக மரபுச்சின்னம் என்னும் பெருமை நிலையானதா? தஞ்சைப் பெரிய கோயில் 1987 இல் அப்பட்டியலில் இடம்பெற்றது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004 இல் அதனோடு சேர்க்கப்பட்டன. அதே 2004 இல் செருமனியின் திரெசுடன் எல்பே பள்ளத்தாக்கும் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரும் பட்டியலில் சேர்ந்தன. திரெசுடனில் ஆற்றின் குறுக்கே புதிய பாலம் அமைக்க நகர மக்கள் வாக்கெடுப்பில் இசைந்தனர். பாலம் உருவானது, 2009 இல் பட்டியலிலிருந்து அவ்விடத்தின் பெயர் நீக்கப்பட்டது. நீர்முனையில் எழுந்த புதிய கட்டுமானங்களால் லிவர்பூல் 2021 இல் அத்தகுதியை இழந்தது. கங்கைகொண்ட சோழபுரத்துடன் ஒரே ஆண்டில் சிறப்புப் பெற்ற இரண்டு இடங்கள் இன்று பட்டியலில் இல்லை. எந்த முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையை அறிந்தே முடிவெடுக்க வேண்டும் என்பது இவை தரும் பாடம்.

அருகில் வாழ்வோரின் குரல்

மரபுச்சின்னத்தைக் காணத் தொலைவிலிருந்து வருவோர் ஒரு நாள் மகிழ்ந்து திரும்புகின்றனர். காப்பதற்கான சுமையை நாள்தோறும் சுமப்போர் அருகில் வாழும் மக்கள். 80 மீட்டர் தொலைவில் உள்ள வீட்டாருக்கு ஒழுகும் கூரை என்பது சட்டப் பிரிவு அன்று. மழை இரவில் உறங்க முடியாத துன்பம். விண்ணப்பம் எங்குக் கொடுப்பது, எந்த வரைபடத்தை இணைப்பது என்று தெரியாமல் அவர்கள் தவிக்கலாம். விடை தாழ்த்தால் சிலர் இரவோடு இரவாகக் கட்டிவிட எண்ணலாம். அவ்வாறு நேர்ந்தால் தோற்பது வீட்டார் மட்டுமல்லர், மரபும் தோற்கிறது.

எனவே நல்ல மன்றத்திற்கு மூன்று கடமைகள் உண்டு. விதியை எளிய தமிழில் ஊரார்க்கு எட்டும்படி சொல்ல வேண்டும். குறித்த காலத்திற்குள் விடை தர வேண்டும். மறுக்கும்போது காரணத்தைக் கூறுவதோடு, செய்யத்தக்க மாற்றுவழியையும் காட்ட வேண்டும். மாடியின் உயரத்தைக் குறைத்தல், கட்டடத்தை மனையின் பின்புறம் தள்ளி அமைத்தல், ஓட்டுக் கூரையை ஓட்டாலேயே புதுப்பித்தல் எனப் பல வழிகள் உள்ளன.

மக்களுக்கும் கடமை உண்டு. நிலத்தைத் தோண்டும்போது பழஞ்செங்கல்லோ சிலையோ காசோ கிடைத்தால், மறைக்காமல் கிராம நிருவாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிக்க வேண்டும். துணைவிதிகளின் வரைவு வெளியாகும்போது அதைப் படித்துக் கருத்துரைக்க வேண்டும். கிராமசபைக் கூட்டம் இதற்கேற்ற களம். மீன்சுருட்டி வட்டாரத்தின் ஏரி, குளம், கல்வெட்டு, பழங்கோயில் ஆகியவற்றைப் பட்டியலிட்டு ஊராட்சியில் வைப்பது மாணவர்களாலும் செய்யக்கூடிய பணியே. பட்டியலில் இல்லாத சின்னம் எந்த மன்றத்தின் கண்ணிலும் படாது.

1836 இல் கங்கைகொண்ட சோழபுரத்து மதிலுக்காகப் பேசியவர்கள் அறிஞர்களோ அலுவலர்களோ அல்லர். பெயர் தெரியாத ஏழை மக்கள். இவ்வட்டாரத்தின் முதல் மரபுக் காவலர்கள் அவர்களே. அன்று அவர்களின் சொல்லைக் கேட்க ஓர் அவை இல்லை. இன்று சட்டமும் ஆணையமும் விண்ணப்பமும் கால வரம்பும் உள்ளன. அவர்களின் வழித்தோன்றல்கள் அந்த அவையில் அச்சமின்றிப் பேசவும், அவை அவர்களைப் பொறுமையோடு கேட்கவும் செய்யும்போதே அன்று இழந்த மதிலுக்கு உண்மையான ஈடு கிடைக்கும்.

சொல்லும் பொருளும்

கற்றளி – கல்லால் கட்டிய கோயில். எச்சம் – எஞ்சியிருப்பது. அறிவிக்கை – அரசு முறையாக வெளியிடும் அறிவிப்பு. முன்வரைவு – சட்டமாகும் முன் அவையில் வைக்கப்படும் வரைவு. துணைவிதி – சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் விரிவான விதி. வாரியம் – பொதுப்பணியை மேற்பார்க்கும் குழு.

இலக்கணக் குறிப்பு

கல்லும் மண்ணும் – எண்ணும்மை
இடிந்த நிலை – பெயரெச்சம்
வாழ்வோர் – வினையாலணையும் பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

காத்தனர் – கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடம், குளம், கல்வெட்டு ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றின் இன்றைய நிலையைக் குறிப்பெழுதுக.

2. வகுப்பில் ஒரு மன்றத்தை அமைக்க. பாடத்தில் வரும் இரண்டாம் வீட்டாரின் விண்ணப்பத்தை ஒரு குழு முன்வைக்க, மற்றொரு குழு வினவ, மூன்றாம் குழு காரணங்களுடன் முடிவை எழுதி வாசிக்கட்டும்.

3. மழையால் பழுதுற்ற வீட்டைச் சீரமைக்க இசைவு வேண்டித் தகுதிவாய்ந்த அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் வரைக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. பொருந்தாத இணையைத் தேர்க.
அ) சோழகங்கம் – பொன்னேரி
ஆ) கீழணை – அணைக்கரை
இ) மேலணை – வீராணம்
ஈ) அரண்மனை – மாளிகைமேடு

2. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 250 மீட்டர் தொலைவில் உள்ள மனை எப்பகுதியில் அடங்கும்?
அ) தடைசெய்யப்பட்ட பகுதி
ஆ) ஒழுங்குமுறைப் பகுதி
இ) பாதுகாக்கப்பட்ட பகுதி
ஈ) எப்பகுதியிலும் அடங்காது

குறுவினா

1. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசுவதால் விளையும் கேடு யாது?
2. திருக்கோடிக்காவல் கல்வெட்டுகள் உணர்த்தும் நெறி யாது?

சிறுவினா

1. 1836 ஆம் ஆண்டு நிகழ்வில் காணப்படும் மூன்று பிழைகளை விளக்குக.
2. திரெசுடன், லிவர்பூல் நிகழ்வுகள் கங்கைகொண்ட சோழபுரத்திற்குத் தரும் படிப்பினையை எழுதுக.

நெடுவினா

மரபைக் காத்தலும் மக்களின் தேவையை நிறைவேற்றலும் ஒன்றோடொன்று இயைந்து செல்ல மரபுப் பாதுகாப்பு மன்றங்கள் எவ்வாறு செயற்பட வேண்டும் என்பதைப் பாடப்பகுதி கொண்டும் உங்கள் ஊரின் எடுத்துக்காட்டு கொண்டும் கட்டுரைக்க.